மூன்றாம் ஆள்

அவளுடைய குழாயின் நீளம் எட்டு மீட்டர்,
மூக்கில் தொடங்கி
சுவரோரம் முனகும் ஆக்ஸிஜன் பெட்டிவரை.
அடுப்பு எட்டும், கழிவறை எட்டும்.
அஞ்சல்பெட்டி எட்டாது.
வாக்குச்சாவடி இலோமந்ட்சியில்,
முப்பத்தொன்பது கிலோமீட்டர், பாதி வழி உறைபனி.

அதனால் நான் போனேன்.
பக்கத்து இருக்கையில் தோல்பை:
முத்திரை, மை, உறைகள்,
மடித்த வெள்ளைத்தாள் ஒன்று,
கை தவறினால் இன்னொன்று.
பைக்கும் சீட்பெல்ட் மாட்டியிருந்தேன்.
சிரிக்காதீர்கள்.
வண்டி சறுக்கிப் பை வாய்பிளந்தால்
யாரிடம் போய்ச் சொல்வேன்?

ஹில்யா தர்வைனென், அறுபத்தெட்டு.
அடையாள அட்டையைச்
சர்க்கரைக் கிண்ணத்தில் சாய்த்துத்
தயாராக வைத்திருந்தாள்.
"உடனிருக்க யாரை அழைத்திருக்கிறீர்கள்?"
"எதற்கு?"

வீட்டில் வாக்களிப்பவர்
தாமே தேர்ந்த ஒருவர்
அறையில் இருந்தாக வேண்டும் என்றேன்.
நானும் அவளும் மட்டும் என்றால்
நான் மிரட்டினேனா, கெஞ்சினேனா,
காதில் ஒரு பெயரை ஊதினேனா,
யார் கண்டது?
என்னைச் சந்தேகிக்கவென்றே போட்ட நாற்காலி அது.
எனக்கு வருத்தமில்லை.
என்னை நம்பிவிடும் சட்டத்தை
நான் நம்பமாட்டேன்.

தங்கை ஸ்வீடனில்.
வாரம் இருமுறை வரும் செவிலி நேற்றே வந்துபோனாள்.
சன்னலுக்கு வெளியே மைனஸ் இருபத்தேழு,
ஒரே ஒரு புகைபோக்கி.
"அவனா!" என்றாள்.
நான் இன்னும் கேட்கவே இல்லை.

ஓநாய் விவகாரம்.
பதினோரு ஆண்டு முன்பு வில்ஹோவின் வேட்டைநாயை
ஓநாய் கிழித்துப் போட்டது.
அதே வாரம் உள்ளூர்ப் பத்திரிகைக்கு இவள் எழுதினாள்,
ஓநாய்க்கும் இந்தக் காட்டில் பங்குண்டு என்று.
எழுதியதைக்கூட அவன் பொறுத்துக்கொண்டானாம்.
'ஒரு நாய்' என்று எழுதியதைத்தான்...
ருஸ்கா. அதற்குப் பெயர் ருஸ்கா.

ஆள் இல்லையென்றால்
தாளைப் பிரிக்காமல் திரும்ப வேண்டியதுதான்.
தொலைபேசியை என் பக்கம் தள்ளினாள்.
"தேர்வது நீங்கள்தான்" என்று திருப்பித் தள்ளினேன்.
பெட்டி இரண்டு தடவை மூச்சிழுத்தது.
எண்ணை அழுத்தினாள்,
எங்கும் பார்க்காமல், மனப்பாடமாக.

வந்தான். வாசலில் பனி உதறினான்.
எங்கே நிற்பது என்று கேட்டான்,
என்னிடம்.
"தாள் தெரியாத இடத்தில்."
அடுப்பைப் பார்த்து நின்றான்,
வகுப்பில் தண்டனை வாங்கிய பையன் மாதிரி.
நான் வெப்பமானியைப் படித்தேன்.
இன்னொரு முறை படித்தேன்.

ரொட்டிப்பெட்டியை மறைப்பாக நிறுத்தினாள்.
வட்டத்துக்குள் ஓர் எண்,
இந்த நாட்டில் வாக்கு என்பது அவ்வளவுதான்.
கை நடுங்கினால் ஒன்று ஏழாகும்,
ஒருவர் இன்னொருவராவார்.
பேனா ஓடி, நின்று, ஓடியது.
எழுதித் தரட்டுமா என்று அவன் கேட்கவில்லை.
நானும் கேட்கவில்லை.
ஓநாயைக் காப்பவரையா, சுடச் சொல்பவரையா,
யாரை அந்த வட்டத்துக்குள் விட்டாளோ,
அவன் முதுகுக்குத் தெரியாது.

மடித்தாள். முத்திரை குத்தினேன்.
உறை. உறைக்கு மேல் உறை.
என் குறிப்பேட்டில் அவன் பெயரை எழுதி
"என்ன உறவு?" என்றேன்.
இருவரும் யோசித்தார்கள்.
"பக்கத்து வீடு," என்றான்,
இடையில் நானூறு மீட்டர் காடு இருக்க.

அடுத்த தேர்தல் எப்போது என்று கேட்டான்,
என்னிடம்.
காபி குடிப்பாரா என்று கேட்டாள்,
அதுவும் என்னிடம்.
எனக்கு இன்னும் மூன்று வீடு பாக்கி.
கதவைச் சாத்தும்போது
பின்னால் ஒரு நாற்காலி இழுபட்டது.
உட்காரவா, எடுத்து ஓரம் வைக்கவா,
நான் திரும்பிப் பார்க்கவில்லை.
பார்க்காமல் இருப்பதற்குத்தான்
எனக்குச் சம்பளம்.

பைக்கு சீட்பெல்ட் மாட்டினேன்.